வேலை, வறுமை, பண மோசடி: அரசுப் புள்ளிவிவரங்களைச் சரியாகப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

2022இல் அமெரிக்காவில் குழந்தை வறுமை கூடியதா, குறைந்ததா? அரசின் ஓர் அட்டவணை, கொஞ்சம் குறைந்தது என்கிறது: முந்தைய ஆண்டு 15.3 சதவீதம், 2022இல் 15.0. அதே கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட இன்னோர் அட்டவணை, இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது என்கிறது: 5.2 இருந்தது 12.4 ஆகிவிட்டது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே துறை. இரண்டு எண்ணும் சரிதான்.

முதல் அட்டவணை, வரி கட்டுவதற்கு முன் கையில் வந்த ரொக்க வருமானத்தை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது, வரிச்சலுகையையும் உணவு உதவியையும் சேர்த்துக்கொள்கிறது; வரியையும் மருத்துவச் செலவையும் கழித்துக்கொள்கிறது. 2021இல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை அரசு பெரிதாக உயர்த்தியது. ஆண்டு முடிந்ததும் அந்த உயர்வு நின்றுபோனது. முதல் அட்டவணைக்கு அந்தப் பணம் வீட்டுக்குள் வந்ததும் தெரியாது, வெளியே போனதும் தெரியாது.

இப்படிப்பட்ட அட்டவணைகளோடு பல ஆண்டுகளாகப் பழகுகிறேன். புதிதாக யாராவது கற்றுக்கொள்ள வந்தால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எண் என்பது யாரோ யாரிடமோ கேட்ட ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியைக் கண்டுபிடிக்காமல் பதிலை மேற்கோள் காட்டாதீர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைத் தேடிப் பிடிக்கும் வழிகள்.

படி 1: அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து திறங்கள்

அரசு அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதைக் கொஞ்சம் நேரம் மறந்துவிடுங்கள். கடைசியில் 'வழிமுறைகள்', 'வரையறைகள்', 'விளக்கக் குறிப்புகள்' என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு பகுதி இருக்கும். அங்கே போய் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரைக் கேட்டார்கள்? எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டார்கள், போன வாரமா, போன ஆண்டா? என்ன வார்த்தையில் கேட்டார்கள்? சதவீதம் என்றால், எதை எதனால் வகுத்தார்கள்?

இதற்கெல்லாம் முன்பாக ஒரு கேள்வி உண்டு. இந்தத் தகவல் கணக்கெடுப்பிலிருந்து வந்ததா, பதிவேட்டிலிருந்து வந்ததா? கணக்கெடுப்பு என்றால், அரசு ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்துத் தானே போய்க் கேட்டது. பதிவேடு என்றால், மக்களோ நிறுவனங்களோ தாமாக வந்து சொன்னார்கள். அரசு அதை எழுதி வைத்துக்கொண்டது. வேலை, வறுமை எண்களில் பெரும்பாலானவை முதல் வகை. புகார், மோசடி எண்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. இந்த வேறுபாடு மனதில் இருந்தால், வரப்போகும் குழப்பங்களில் பாதி இப்போதே தீர்ந்துவிடும்.

படி 2: வேலை எண்ணில் 'வேலை' என்றால் என்ன என்று பாருங்கள்

ஒரு வீட்டில் மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவர் முழுநேர வேலையை இழந்துவிட்டார். போன வாரம் தெரிந்தவருக்காக இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் பணம் வாங்கினார். அவர் மனைவி குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் நாள் முழுக்க உதவுகிறார். மகள் படித்து முடித்து ஒன்றரை ஆண்டு வேலை தேடினார். ஒன்றும் கிடைக்காததால் மூன்று மாதமாகத் தேடுவதையே நிறுத்திவிட்டார். கணக்கெடுப்பாளர் வந்து கேட்கிறார். இந்த வீட்டில் வேலையில்லாதவர்கள் எத்தனை பேர்?

பெரும்பாலான நாடுகளின் கணக்குப்படி ஒருவர்கூட இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, குறிப்பிட்ட வாரத்தில் ஊதியத்துக்காகவோ லாபத்துக்காகவோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். எனவே அப்பா வேலையில் இருக்கிறார். குடும்பத் தொழிலில் உதவுவதால் அம்மாவும் வேலையில் இருக்கிறார். வேலையில்லாதவர் என்று எண்ணப்பட, வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அண்மையில் தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். மகள் தேடவில்லை. அதனால், வேலையில் இருப்பவர்களும் வேலையில்லாதவர்களும் சேர்ந்த 'தொழிலாளர் படை'க்கே வெளியே அவர் போய்விடுகிறார்.

வேலையின்மை விகிதம், வேலையில்லாதவர்களைத் தொழிலாளர் படையால் வகுத்து வருகிறது. மொத்த மக்கள்தொகையால் அல்ல. எனவே மனம் உடைந்து தேடுவதை நிறுத்துகிறவர்கள் கூடக் கூட, இந்த விகிதம் குறையவும் செய்யலாம். அதனால்தான் வேலையின்மை விகிதத்தை மட்டும் தனியாகப் படிக்கக் கூடாது. பக்கத்திலேயே தொழிலாளர் படைப் பங்கேற்பு விகிதத்தையும் (மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேர் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள் என்பது), மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் படம் தெரியும்.

நல்ல புள்ளியியல் துறைகள் இந்தக் குறையை மறைப்பதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, யு-1 முதல் யு-6 வரை ஆறு விகிதங்களை மாதந்தோறும் வெளியிடுகிறது. செய்தியில் வருவது யு-3. தேடுவதை நிறுத்தியவர்களும், முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரம் பார்ப்பவர்களும் யு-6இல் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா, அதிகாரபூர்வ விகிதத்தோடு 'விரிந்த' விகிதம் ஒன்றையும் தருகிறது. அண்மை ஆண்டுகளில் முன்னது 32 சதவீதத்தை ஒட்டியிருக்க, பின்னது 40ஐத் தாண்டி நிற்கிறது. இடையில் உள்ள அந்தப் பெரிய இடைவெளியில்தான் நம் எடுத்துக்காட்டு வீட்டின் மகள் இருக்கிறாள்.

காலத்தையும் கவனியுங்கள். இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24இல் இரண்டு விகிதங்களைத் தந்தது: 'வழக்கமான நிலை' என்ற கணக்கில் 3.2 சதவீதம், 'நடப்பு வார நிலை' என்ற கணக்கில் 4.9 சதவீதம். முதலாவது ஓர் ஆண்டு முழுவதையும் திரும்பிப் பார்க்கிறது. துணைத் தொழிலாக 30 நாள் உழைத்திருந்தாலும் வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவது, கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கிறது. 2025 முதல் மாதந்தோறும் வரும் எண் இந்த இரண்டாம் வகை. மாத எண்ணை எடுத்துப் பழைய ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டு 'வேலையின்மை எகிறியது' என்று எழுதினால், அது கணக்கே அல்ல.

அதே கணக்கெடுப்பிலிருந்து இன்னொன்று. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு விகிதம் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. இவ்வளவு பெரிய ஏற்றத்தைப் பார்த்ததும் கொண்டாடவும் வேண்டாம், சந்தேகப்பட்டு ஒதுக்கவும் வேண்டாம். அடுத்த அட்டவணைக்குப் போங்கள்: எந்த வகை வேலை? உழைக்கும் பெண்களில் சுயதொழில் செய்பவர்களின் பங்கு அதே காலத்தில் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆகியிருக்கிறது. குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுபவர்களும் இந்த வகைக்குள்தான் அடக்கம். ஏற்றம் உண்மை. ஆனால் 'சம்பள வேலைக்குப் பெண்கள் குவிந்தார்கள்' என்று அதற்கு அர்த்தம் இல்லை. தலைப்பு எண்ணுக்கு அடுத்து எப்போதும் வேலையின் வகையைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறு இல்லை.

அப்புறம், ஆட்களை எண்ணுவதும் வேலையிடங்களை எண்ணுவதும் வேறு. வீடுகளில் எடுக்கும் கணக்கு ஆட்களை எண்ணும். நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து வரும் கணக்கு வேலையிடங்களை எண்ணும்; இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் அதில் இரண்டு முறை வருவார், சொந்தத் தொழில் செய்பவர் வரவே மாட்டார். நிறுவனக் கணக்கு பின்னால் திருத்தப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா, அந்த ஆண்டு மார்ச் வரையிலான வேலையிட எண்ணிக்கையில் 8,18,000 குறையும் என்று முதற்கட்டத் திருத்தம் அறிவித்தது. உடனே மோசடி என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. முழுமையான வரிப் பதிவுகள் வந்ததும் மாதிரிக் கணக்கை அவற்றோடு பொருத்துவது ஆண்டுதோறும் நடக்கும் வேலை. திருத்தம் வெளியிடுகிற துறையை நான் அதிகம் நம்புவேன்.

படி 3: எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று தேடுங்கள்

இதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பிரிட்டனின் தொழிலாளர் கணக்கெடுப்பில் பதில் சொல்பவர்களின் பங்கு 2023இல் 20 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. எண்களை நம்ப முடியாத நிலை வந்ததால், தேசியப் புள்ளியியல் அலுவலகம் அந்த அக்டோபரில் வழக்கமான வெளியீட்டையே நிறுத்திவைத்தது. பதில் சொல்லாத வீடுகள், சொன்ன வீடுகளைப் போலவே இருந்தால் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் அப்படி இருக்காது.

பிழை வரம்பையும் பாருங்கள். மாதம் சுமார் 60,000 வீடுகளைக் கேட்கும் அமெரிக்கக் கணக்கெடுப்பிலேயே, வேலையின்மை விகிதம் 0.1 புள்ளி நகர்ந்தால் அதை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. மாவட்டம், வயது, பாலினம் என்று கூறுபோட்டுக்கொண்டே போனால் மாதிரி சிறுத்துக்கொண்டே வரும், பிழை பெருத்துக்கொண்டே வரும்.

மாதிரி சரியாக இருந்தும் பதில்களை வகைப்படுத்துவதில் தவறு நேரலாம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பெருந்தொற்றால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பலர், 'வேலையில் இருக்கிறார், ஆனால் வரவில்லை' என்ற வகைக்குள் எழுதப்பட்டுவிட்டார்கள். அவர்களைச் சரியாகச் சேர்த்திருந்தால் அறிவித்த வேலையின்மை விகிதமான 14.7 சதவீதம் ஏறக்குறைய 5 புள்ளி கூடியிருக்கும் என்று தொழிலாளர் புள்ளியியல் துறையே அதே அறிக்கையின் குறிப்பில் எழுதியிருந்தது. குறிப்பைப் படித்தவர்களுக்கு அன்றே தெரிந்தது.

படி 4: வறுமை எண்ணில் கோட்டை யார் போட்டார்கள் என்று கேளுங்கள்

அமெரிக்காவின் வறுமைக்கோட்டைச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஓர்ஷான்ஸ்கி 1963-64இல் வகுத்தார். 1955ஆம் ஆண்டின் உணவுக் கணக்கெடுப்பு, குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டதாகக் காட்டியது. எனவே சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை மூன்றால் பெருக்கினார். அந்தக் கோட்டைத்தான் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி இன்றும் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துகிறார்கள். இன்று வீட்டு வாடகையும் மருத்துவமும் விழுங்கும் பங்கு அந்தப் பெருக்கலில் இல்லை.

கோடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குறிப்பிட்ட வாங்கும் சக்தியில் நிற்கும் நிலையான கோடு. உலக வங்கி 2025 ஜூனில் தன் தீவிர வறுமைக் கோட்டை ஒரு நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3.00 டாலர் ஆக்கியது. 2022ஆம் ஆண்டுக்கான உலக ஏழைகளின் எண்ணிக்கை 71.3 கோடியிலிருந்து 83.8 கோடி ஆனது. ஒரு மனிதரின் தட்டிலும் எதுவும் மாறவில்லை; கோடு மாறியது.

இன்னொன்று சார்புக் கோடு. ஐரோப்பிய நாடுகள் பலவும் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்தைக் கோடாக வைத்துக்கொள்கின்றன. எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்பவரின் வருமானம்தான் இடைநிலை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2010-11இல் பிரிட்டனில் சார்பு வறுமை குறைந்தது. காரணம் ஏழைகள் முன்னேறியது அல்ல. நடுவில் நின்ற குடும்பத்தின் உண்மையான வருமானம் விழுந்தது, அதோடு கோடும் இறங்கியது. எனவே சார்பு வறுமை எண்ணைப் பார்த்ததும் இடைநிலை வருமானம் எந்தப் பக்கம் போனது என்று உடனே பாருங்கள். வாடகை போன்ற குடியிருப்புச் செலவைக் கழிப்பதற்கு முன்பான கணக்கா, பின்பான கணக்கா என்பதையும் பாருங்கள்.

குடும்பத்தின் அளவு அடுத்த விஷயம். நான்கு பேர் சேர்ந்து வாழ நான்கு மடங்கு பணம் தேவையில்லை. சமையலறை ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். அதற்காகப் பரவலாகப் பயன்படும் அளவுகோல் ஒன்றில் முதல் பெரியவருக்கு 1, 14 வயதுக்கு மேற்பட்ட அடுத்த ஒவ்வொருவருக்கும் 0.5, சிறு குழந்தைக்கு 0.3. தாய், தந்தை, இரண்டு சிறு குழந்தைகள் என்றால் 2.1. அந்தக் குடும்பத்தின் வருமானம் 63,000 என்றால், வகுத்து வருவது 30,000. தனியாக வாழும் ஒருவர் 32,000 சம்பாதித்தால், இந்தக் கணக்கில் அவர் அந்தக் குடும்பத்தைவிட வசதியானவர். ஒருமுறை தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். அறிக்கையில் உள்ள வருமானம் ஏன் உங்களுக்குப் பழக்கமான வருமானமாகத் தெரியவில்லை என்று புரிந்துவிடும்.

பல நாடுகள் வருமானத்துக்குப் பதிலாகச் செலவைக் கேட்கின்றன. அப்போது எத்தனை நாள் நினைவைக் கேட்டார்கள் என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். இந்தியாவின் 1999-2000 நுகர்வுக் கணக்கெடுப்பில், உணவுச் செலவைக் கடந்த 7 நாளுக்கும் கடந்த 30 நாளுக்கும் ஒரே தாளில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு பதில் மற்றதைத் தன் பக்கம் இழுத்தது. வறுமை பெரிதாகக் குறைந்ததுபோல் தெரிந்தது; முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாமல் போனது. பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன், கேள்வி மாறாத பொருள்களின் செலவை மட்டும் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து வறுமையைத் திரும்பக் கணித்தார். வறுமை குறைந்தது உண்மைதான், ஆனால் அறிவித்த அளவுக்கு இல்லை என்று அதில் தெரிந்தது. தொடர்வரிசையில் கேள்வி மாறிய ஆண்டைக் கண்டால், அங்கே ஒரு செங்குத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி ஒப்பிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டுக் கணக்கெடுப்புக்கு வீடு வேண்டும். தெருவில் உறங்குபவர், விடுதியில் இருப்பவர், சிறையில் இருப்பவர் இதில் பெரும்பாலும் வரமாட்டார்கள். வீட்டுக்குள்ளும், வருமானம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது என்றே கணக்கு நம்புகிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தில் சாப்பிடும் பெண்ணை எந்த வறுமைக்கோடும் தனியாகப் பார்ப்பதில்லை.

படி 5: புகார் எண்ணைக் குற்ற எண்ணாகப் படிக்காதீர்கள்

என் உறவினர் ஒருவர் தொலைபேசி மோசடியில் சேமிப்பின் பெரும்பகுதியை இழந்தார். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். எங்களுக்குத் தெரியவந்தபோதும் புகார் கொடுக்க மறுத்துவிட்டார். எந்த நாட்டின் எந்த அட்டவணையிலும் அவர் இல்லை. மோசடிப் புள்ளிவிவரத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

அவர் விதிவிலக்கு அல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பு மக்களிடம் நேரடியாகப் போய்க் கேட்கிறது. மோசடிக் குற்றங்களில் ஏழில் ஒன்றுகூட அதிகாரிகளிடம் போவதில்லை என்று அது காட்டுகிறது. அந்தக் கணக்கெடுப்பே 2015 அக்டோபரில்தான் மோசடியைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது. மோசடியையும் கணினிக் குற்றத்தையும் சேர்த்ததும், மொத்தக் குற்ற எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு 2023இல் வந்த புகார்களில் சொல்லப்பட்ட இழப்பு 1,000 கோடி டாலருக்கு மேல். புகார் செய்யாதவர்களையும் கணக்கில் எடுத்தால் உண்மையான இழப்பு 15,800 கோடி டாலர் வரைகூட இருக்கலாம் என்று அதே ஆணையம் மதிப்பிட்டது. மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வகை எண்ணைப் படிக்கும்போது நான் பார்க்கும் வரிசை இது. முதலில், எண்ணிக்கையையும் தொகையையும் பிரித்துப் பாருங்கள். அந்த ஆணையத்துக்கு 2024இல் வந்த மோசடிப் புகார்கள் சுமார் 26 லட்சம்; முந்தைய ஆண்டும் ஏறக்குறைய அவ்வளவேதான். ஆனால் இழப்பு 1,250 கோடி டாலராக ஏறியது. காரணம், புகார் செய்தவர்களில் பணத்தை உண்மையிலேயே இழந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 38 சதவீதம் ஆனார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு எதுவுமே நடக்காத ஆண்டாகத் தெரிந்திருக்கும்.

அடுத்து, எந்தத் தேதி? இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வங்கி மோசடிகள் 2023-24இல் 36,060, 2024-25இல் 23,953. குறைந்துவிட்டது. தொகையோ 12,230 கோடியிலிருந்து 36,014 கோடி ரூபாய். ஏறக்குறைய மூன்று மடங்கு. குழப்பமாக இருக்கிறதா? குறிப்பைப் படியுங்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கு ஏற்ப, முந்தைய ஆண்டுகளைச் சேர்ந்த 122 வழக்குகளை மறுபடி ஆராய்ந்து புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். அவற்றின் தொகை மட்டும் 18,674 கோடி. இந்தப் பட்டியல் மோசடி நடந்த ஆண்டைச் சொல்வதில்லை, அறிவிக்கப்பட்ட ஆண்டைச் சொல்கிறது. நடந்ததற்கும் பதிந்ததற்கும் நடுவே பல ஆண்டுகள்கூட ஓடியிருக்கலாம்.

அதற்கடுத்து, புகார் கொடுக்கும் வழி மாறியதா? புதிய இணையதளமோ தொலைபேசி எண்ணோ வந்தால் புகார் கூடும். கெடு விதித்தாலும் கூடும். பிரிட்டனில் கடனோடு தவறாக விற்கப்பட்ட காப்பீட்டுக்கு இழப்பீடு கேட்க 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள். புகார்கள் அந்தக் கோடையில் வெள்ளமாக வந்தன. விற்பனை நடந்ததோ பெரும்பாலும் 1990களிலும் 2000களிலும்.

நிறுவனங்களை ஒப்பிடும்போது புகாரின் எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் பெரிய வங்கிதான் எப்போதும் மோசமானதாகத் தெரியும். ஆயிரம் கணக்குகளுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். குறைதீர்ப்பாளரிடம் போன புகார்களில் எத்தனை சதவீதம் வாடிக்கையாளருக்குச் சாதகமாக முடிந்தன என்பதையும் தேடுங்கள். எனக்கு அது புகாரின் எண்ணிக்கையைவிட நிறையச் சொல்கிறது. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிடும் புகார்த் தரவுத்தளம் ஒரு பொக்கிஷம். பாதிக்கப்பட்டவர்களின் சொந்தச் சொற்களை அவர்களின் ஒப்புதலோடு அதில் படிக்கலாம். ஆனால் அது மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல என்றும், புகாரில் உள்ளவற்றைத் தாங்கள் சரிபார்ப்பதில்லை என்றும் அந்த அமைப்பே சொல்கிறது. என்ன வகைத் துன்பம் நடக்கிறது என்று அறிய அதைப் படியுங்கள். எத்தனை பேருக்கு நடக்கிறது என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள்.

படி 6: இப்போது கோப்பைத் திறந்து வாக்கியத்தை எழுதுங்கள்

செய்தி அறிக்கையை விட்டுவிட்டு, எக்செல் அட்டவணையை இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். எண்கள் பின்னால் திருத்தப்படும். கட்டங்களில் உள்ள சிறு எழுத்துகளையும் நட்சத்திரக் குறிகளையும் அழித்துவிடாதீர்கள். தற்காலிக எண் எது, சிறு மாதிரி எது, வரையறை எப்போது மாறியது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மாத எண் என்றால், பருவகாலத்துக்குச் சரிசெய்த வரிசையா, அதாவது ஆண்டுதோறும் அதே மாதங்களில் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்கிய வரிசையா என்று பாருங்கள். சரிசெய்யாத வரிசை என்றால் போன மாதத்தை விட்டுவிட்டுப் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

சதவீதத்தையும் சதவீதப் புள்ளியையும் கலக்காதீர்கள். 4இலிருந்து 5 ஆனால் அது 1 புள்ளி ஏற்றம். 25 சதவீத ஏற்றமும் அதுவேதான். எது சொல்ல வந்ததோ அதைச் சொல்லுங்கள். பணத் தொகை என்றால் விலைவாசிக்குச் சரிசெய்யாமல் பத்தாண்டு ஒப்பீடு போடாதீர்கள். மோசடி இழப்பில் சராசரியை நம்பாதீர்கள். ஒரே ஒரு பெரிய வழக்கு அதைத் தூக்கிவிடும். இடைநிலை இழப்பைத் தேடுங்கள்.

பிறகு வாக்கியம். 'வேலையின்மை 4.9 சதவீதம்' என்று எழுதினால் போதாது. 'இந்தியாவில் 2023-24இல், கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமல், வேலை தேடியோ வேலைக்குத் தயாராகவோ இருந்தவர்கள், 15 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர் படையில் 4.9 சதவீதம்' என்று எழுதிப் பாருங்கள். நீளம்தான். அப்படி ஒருமுறை முழுதாக எழுத முடிந்தால், பிறகு சுருக்கி எழுதினாலும் தப்பு வராது. எழுத முடியவில்லை என்றால், படி 1க்குத் திரும்பிப் போங்கள்.

அப்படியும் ஏதாவது புரியவில்லையா? பெரும்பாலான அறிக்கைகளில் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள். அட்டவணை எண், வரிசை எண், உங்கள் கேள்வி, மூன்றையும் நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். எனக்கு வந்த பதில்களில் பல, கேட்டதைவிட நீளமாக, அக்கறையோடு எழுதப்பட்டவை. அந்த எண்ணை உருவாக்க வீடு வீடாக ஆள் அனுப்பியவர்களுக்கு, அதை ஒருவர் சரியாகப் படிக்க விரும்புகிறார் என்பதில் சந்தோஷம் உண்டு.